தாத்தாவின் ஒமேகா பீரோவுக்கா, கைக்கா?

"பீரோவுல இருக்க வேண்டியதைக் கட்டிக்கிட்டு பஸ்ல தொங்கிட்டுப் போறியே!"

ஒன்றரை வருஷமாக எங்கள் வீட்டில் காலை எட்டு மணிக்கு ஒலிக்கும் சுப்ரபாதம் இதுதான். பாடுபவர் அம்மா. பாடுபொருள், என் கையில் இருக்கும் தாத்தாவின் ஒமேகா சீமாஸ்டர்.

பினாங்கில் கடை வைத்திருந்த தாத்தாவின் அண்ணன், 1966-ல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது தம்பிக்குக் கொண்டுவந்தது. தாத்தா அப்போது ரைஸ் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு வேலை கிடைத்த அன்று பாட்டி அதை எடுத்து என் கையில் வைத்தார். அந்தக் காலத்து ஆண்கள் வாட்ச் எல்லாம் இப்போது வருவதைவிடச் சின்னது. என் கைக்கு அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்துகொண்டது. பிறகு எப்படிக் கழற்ற மனசு வரும்?

"உங்க தாத்தா விசேஷத்துக்கு மட்டும்தான் கட்டுவாரு. எப்படிப் பத்திரமா வெச்சிருந்தாரு தெரியுமா?" இது அம்மாவின் பிரம்மாஸ்திரம். இதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

விலை தெரியாதவரை எனக்கு எந்தப் பிரச்னையும் இல்லை. பட்டை மாற்ற, பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் பழைய வாட்ச் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, "60,000-க்குக் குறையாதும்மா. முதல்ல சர்வீஸ் பண்ணிடு" என்றார். முதல் வாக்கியம் மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஓடிக்கொண்டிருக்கிற வாட்ச்சுக்கு எதற்கு சர்வீஸ்?

அன்றிலிருந்து என் நடையே மாறிவிட்டது. எலெக்ட்ரிக் ட்ரெயினில் சுடிதார் கையை இழுத்து இழுத்து மூடிக்கொள்வேன். டீக்கடையில் யாராவது மணி கேட்டால், வாட்ச்சைப் பார்க்காமல் போனை எடுத்துப் பார்த்துச் சொல்வேன்!

ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கதையைப் படித்தபோது, அந்தப் பைத்தியக்காரத்தனம் எனக்கே உறைத்தது. கார் ரேஸ் பிரியரான அவருக்கு மனைவி ஒரு ரோலக்ஸ் டேடோனா பரிசளித்தார். பின்பக்கம், 'பார்த்து ஓட்டுங்கள்' என்ற பொருளில் ஒரு வரி பொறித்திருந்தார். நியூமன் அதைத் தினமும்தான் கட்டினார். 1984-ல், மகளின் அப்போதைய காதலரிடம் மணி என்ன என்று கேட்க, 'என்னிடம் வாட்ச் இல்லை' என்று அவர் சொல்ல, கழற்றிக் கொடுத்துவிட்டார். அந்த இளைஞரும் அதன் மதிப்பு தெரியாமல் வருஷக்கணக்கில் சாதாரணமாகக் கட்டிக்கொண்டு திரிந்தார். 2017-ல் நியூயார்க்கில் ஏலம் போனபோது அதன் விலை 1.77 கோடி டாலருக்கும் மேல். நான் 60,000-க்கு முந்தானையால் மூடிக்கொண்டு அலைகிறேன்!

சரி, பயம் விட்டுப்போயிற்று. கூடவே புத்தியும் விட்டுப்போயிற்று. போன நவம்பர் மழையில் ஸ்கூட்டியில் வீடு வந்து சேர்ந்தபோது கண்ணாடிக்கு உள்ளே பனி மூட்டம். அரிசி டப்பாவில் போடலாமா, ஹேர் டிரையர் காட்டலாமா என்று கூகுளில் தேடியபடி ஒரு இரவைக் கழித்தேன். இரண்டுமே செய்யக்கூடாதாம். ஈரம் புகுந்தால் உடனே திறந்தாக வேண்டும். உள்ளே இருக்கும் எஃகு பாகங்கள் துருப்பிடிக்க ரொம்ப நேரம் ஆகாது.

மறுநாள் பாய் பின்மூடியைத் திறந்தார். செம்பு நிறத்தில், குட்டிக் கோயில் மாதிரி இருந்தது உள்பக்கம். தண்ணீரைத் தடுக்க வேண்டிய ரப்பர் வளையம் தார் மாதிரி இறுகி, தொட்டதும் உதிர்ந்தது. பேர்தான் சீமாஸ்டர். அறுபது வருஷப் பழசான பிறகு கடல் எங்கே, கை கழுவும் குழாயே அதற்கு எமன்.

அதைவிடப் பெரிய சேதம் என்னால் வந்தது. இது ஆட்டோமேட்டிக். நாம் கையை அசைக்க அசைக்க, உள்ளே ரோட்டார் என்ற அரைவட்டத் தகடு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். எண்ணெய் வற்றிப்போனதால் அதன் அச்சு தேய்ந்து, தகடு பின்மூடியை உரச ஆரம்பித்திருந்தது. "இந்த மெஷின் மணிக்கு 19,800 தடவை துடிக்கும்மா. எண்ணெய் இல்லாம ஒன்றரை வருஷம் ஓட்டியிருக்கே. ஓடுதுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏற்கெனவே ஒருத்தர் கையில நல்லா உழைச்ச வாட்ச் இது" என்றார் அடுத்து. இல்லை பாய், விசேஷத்துக்கு மட்டும்தான் கட்டுவாராம் என்றேன். அவர் சிரித்துவிட்டு பின்மூடியைத் திருப்பிக் காட்டினார். நடுவில் ஒரு கடல்குதிரை சின்னம் இருக்க வேண்டும். ஏதோ இருந்த சுவடுதான் தெரிந்தது. வியர்வையும் தோலும் வருஷக்கணக்கில் உரசினால்தான் இப்படித் தேயுமாம். மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய குட்டிக் குட்டி எழுத்துகள். சர்வீஸ் செய்பவர்கள் தங்கள் அடையாளத்தையும் தேதியையும் இப்படிக் கீறி வைப்பது வழக்கம். 69, 72, 75, 78, கடைசியாக 81. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

பாட்டியிடம் வந்து சொன்னேன். அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தெனம் கட்டிட்டுதான் மில்லுக்குப் போவாங்க" என்றார் பாட்டி. "வருஷத்துல ஆறு மாசம் கையில, ஆறு மாசம் அடகுக்கடையில. பள்ளிக்கூடம் தொறந்தா வாட்ச் போகும். தை அறுப்பு முடிஞ்சு மில்லுல காசு வந்தா மீட்டுட்டு வருவாங்க. வெறுங்கையோட இருக்கறப்ப யாராச்சும் மணி கேட்டுட்டா மட்டும் கோவம் வரும்."

அம்மாவின் கை கீரையிலேயே நின்றுவிட்டது. "எனக்குத் தெரியவே தெரியாதேம்மா."

"ஒனக்குப் பதினோரு வயசுல கடைசியா மீட்டாங்க. இனிமே கழட்டிக் கொடுக்கிற நெலமை வரக்கூடாதுன்னு பீரோவுல வெச்சுப் பூட்டினாங்க. அப்புறம் கல்யாணம் காட்சிக்குத்தான் எடுத்தது. நீ பாத்தது அதைத்தான்."

அச்சு கிடைத்து வேலை முடிய மூன்று வாரம் ஆனது. 9,500 ரூபாய், என் சம்பளத்தில் நல்ல வெட்டு. கீறல்களை பாலிஷ் போட்டுத் தரட்டுமா என்று பாய் கேட்கவே இல்லை. போடக்கூடாது என்றுதான் சொன்னார். பாலிஷ் போடப் போட ஓரங்கள் மழுங்கும், டயலுக்குப் புது பெயின்ட் அடித்தால் பாதி மதிப்பு போய்விடும். எனக்கு அந்தக் கீறல்களில் எது மில்லில் பட்டது, எது என் ஸ்கூட்டி ஹேண்டிலில் பட்டது என்று இப்போது தெரியவில்லை.

வீட்டில் இப்படி ஒரு வாட்ச் இருப்பவர்களுக்காக பாய் சொன்ன இன்னும் இரண்டு விஷயம். காந்தம் உள்ள ஹேண்ட்பேக் மூடி, ஸ்பீக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு பக்கம் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் மயிரிழை ஸ்பிரிங் காந்தமேறி ஒட்டிக்கொண்டால், வாட்ச் தினமும் சில நிமிஷம் முன்னால் ஓடும். சரிசெய்வது சுலபம்தான், ஆனால் காரணம் தெரியாமல் பலர் மெஷினையே மாற்றிவிடுகிறார்களாம். இன்னொன்று பட்டையைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின். சில ரூபாய் சமாசாரம். அது உடைந்துதான் பல வாட்ச்சுகள் ரோட்டில் தொலைகின்றன. வாட்ச்சுக்கு அடியில் ஒரே துண்டாக ஓடும் நைலான் பட்டை போட்டால், ஒரு பின் போனாலும் வாட்ச் கையிலேயே தொங்கும். நானும் அதற்கு மாறிவிட்டேன். பார்க்க ஒமேகாவுக்குக் கொஞ்சம் பொருத்தமில்லைதான்.

வெயில் நாளில் ஒமேகா. மழை நாளில் 600 ரூபாய் டிஜிட்டல். எட்டு மணி சுப்ரபாதம் நின்றுவிட்டது. இப்போதெல்லாம் அம்மா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு, எந்த வாட்ச் என்று அவரே எடுத்து வைக்கிறார். பாட்டி மட்டும் தினமும் "சாவி குடுத்தியா?" என்று கேட்கிறார். ஆட்டோமேட்டிக் பாட்டி என்றால் கேட்பதில்லை. கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.