பயிற்சியில் இருக்கும் மகனுக்குக் கார் வேண்டுமா?



தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையிலிருந்து ஒரு தந்தை கேட்டனுப்பிய கேள்வியை இம்மாதம் எடுத்துக்கொள்கிறேன். அவருடைய மகன் சென்னைப் பரங்கிமலையிலுள்ள இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயின்றுவருகிறார். இன்னும் சில மாதங்களில் லெப்டினன்ட் ஆகிவிடுவார். "அதிகாரி ஆகப்போகிறவனுக்கு ஒரு கார் இல்லாவிட்டால் எப்படி?" என்று உறவினர் கேட்கத் தொடங்கிவிட்டனர். மகனுக்கும் அந்த ஆசை உண்டு. தந்தையின் கையில் இருப்பதோ ஓர் ஏக்கர் நஞ்சை. அதன் பத்திரத்தை வங்கியில் வைத்து முன்பணம் கட்டிவிடலாமா, மீதிக் கடனுக்குத் தாம் ஜாமீன் கையொப்பம் இடலாமா என்பதே அவர் கேள்வி.

காரைப் பற்றிப் பங்குச் சாமியாருக்கு என்ன தெரியும் என்று உங்களில் சிலர் நகைக்கக்கூடும். எஞ்சினைப் பற்றி அதிகம் தெரியாதுதான். ஆனால் ஆண்டுதோறும் பங்கின் வரவு செலவை எழுதி ஒப்படைக்கிறவனுக்குத் தவணை, வட்டி என்பன நன்றாகவே தெரியும். கடன் பத்திரத்தில் கையொப்பமிட்டுவிட்டு உறக்கமின்றி வருகிற தந்தையரையும் அவனுக்குத் தெரியும்.

முதலில் அந்தப் பயிற்சி எத்தகையது என்று பார்ப்போம். 1962ஆம் ஆண்டின் சீனப் போருக்குப் பின் படைக்கு இளம் அதிகாரிகள் பெருந்தொகையாகத் தேவைப்பட்டனர். அதற்காக 1963 ஜனவரியில் பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1988 முதல் அது பயிற்சிக் கழகம் எனப் பெயர் மாறியது. 1992 முதல் பெண்களும் அங்குப் பயில்கின்றனர். ஆகவே இன்று நான் எழுதுவது மகளைப் படைக்கு அனுப்பிய பெற்றோருக்கும் பொருந்தும். குறுகிய காலப் பணிக்குத் தேர்வு பெற்றவர்கள் அங்கே 49 வாரங்கள் பயிற்சி பெறுகின்றனர். விடியுமுன் எழுதல், உடற்பயிற்சி, அணிநடை, ஆயுதப் பயிற்சி, வகுப்பு, முதுகில் சுமையுடன் நெடுந்தொலைவு நடை, வெட்டவெளி முகாம் என்று நாள் முழுவதும் கணக்கிட்டு வைத்திருக்கும். வெளியே செல்வதற்கு அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கும் நாட்களும் சிலவே. பயிற்சிக் காலத்தில் திருமணம் செய்துகொள்ளவே கேடட்டுக்கு இடமில்லை. சொந்தக் காருக்கும் அங்கே இடமில்லை. கழக வளாகத்தில் அவருக்கு உரிய வாகனம் சைக்கிள். குருமடத்தில் மணியோசைக்கு எழுந்து மணியோசைக்குப் படுத்த எங்களைப் போன்றோருக்கு அந்த வாழ்க்கையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஆனால் எங்களை யாரும் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னதில்லை!

ஊருக்கு வந்து போவதற்காவது கார் வேண்டாமா என்றால், அதற்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மாலையில் தென்காசியில் ஏறினால் விடியற்காலையில் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் பரங்கிமலை சிறிது தூரமே. ஏறத்தாழ 600 கிலோமீட்டரைக் களைத்துப்போன ஓர் இளைஞர் இரவில் தனியாகக் கார் ஓட்டிக் கடப்பதைவிட, படுத்து உறங்கிக்கொண்டு வருவதையே எந்தத் தாயும் விரும்புவாள்.

ஆக, பயிற்சிக் காலத்தில் கார் வேண்டுமா என்பதற்கு விடை எளிது: வேண்டாம். வைத்துக்கொள்ளவே வழியில்லாத ஒன்றைப் பற்றி விவாதம் எதற்கு? உண்மையான சோதனை பயிற்சி முடிகிற வாரத்தில்தான் வருகிறது. அணிவகுப்பு முடிந்ததும் பெற்றோர் மகனின் தோளில் விண்மீன்களைப் பொருத்துவர். அந்த மகிழ்ச்சியில் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்ல மனம் வராது. பணமும் அப்பொழுதுதான் கைக்கு வரும். 7ஆம் ஊதியக் குழு வகுத்தபடி பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகை 56,100 ரூபாய். அதிகாரியானதும் அதுவே அடிப்படை ஊதியமாகிறது; இராணுவப் பணி ஊதியம் 15,500 ரூபாயும், பிற படிகளும் அதனுடன் சேரும். மேலும், பயிற்சிக் காலத்துக்குரிய படிகளும் நிலுவையாக மொத்தமாக வந்து சேரும். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் இவ்வளவு பணத்தை ஒருசேரக் கண்ட இளைஞருக்குக் கார்க் கடையின் கண்ணாடிக் கதவு தானே திறந்துகொள்வதுபோலத் தோன்றும். இளம் அதிகாரிகளை வங்கிகள் விரும்பி அழைக்கின்றன. மாதம் தவறாத அரசு ஊதியத்தைவிட நல்ல ஈடு எந்த வங்கிக்குக் கிடைக்கும்? படைவீரர்களுக்கான சி.எஸ்.டி. கேன்டீன் வழியாகக் கார் வாங்கினால் வரிச்சலுகையும் உண்டு. சலுகை நல்லதுதான். ஆனால் தேவையில்லாத பொருளைச் சலுகையில் வாங்கினாலும் அதற்கும் பணம் கொடுத்துத்தானே ஆக வேண்டும்.

இனி அந்தக் கார் எங்கே நிற்கப்போகிறது என்று எண்ணிப் பாருங்கள். புதிய லெப்டினன்ட் எங்கே அனுப்பப்படுவார் என்பதைப் படையே முடிவு செய்யும். காஷ்மீராக இருக்கலாம், லடாக்காக இருக்கலாம், அருணாசலப் பிரதேச எல்லையாக இருக்கலாம். அங்கெல்லாம் பணிக்குப் படையின் வண்டிகளே உண்டு. சொந்தக் காரை மலையேற்றிக்கொண்டு போக முடியாது. பின்னர் இளம் அதிகாரிகளுக்கான படிப்பு வரும். காலாட்படையினர் மத்தியப் பிரதேசத்தின் மௌ நகருக்கும், பீரங்கிப் படையினர் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலிக்கும், பொறியியல் படையினர் பூனாவுக்கும் செல்வர். அப்படிப்பு முடிந்ததும் மீண்டும் தம் படைப்பிரிவுக்குத் திரும்ப வேண்டும். மணமாகாத அதிகாரிக்கு உணவும் உறைவிடமும் மெஸ்ஸில். வேலை சில நிமிட நடைத்தொலைவில்.

ஆகவே கார் நிற்கப்போவது குத்துக்கல்வலசையில், வீட்டின் முன்புறத் தகரக் கொட்டகையில், ஒரு துணியுறைக்குள். சாரல் காலத்து ஈரம் அதன் மேல் படியும். ஓடாத காரில் பேட்டரி இறங்கும். டயரில் காற்று குறையும். எலிகள் ஒயர்களைக் கடிக்கும். தந்தைக்கு ஓட்டத் தெரியாது. அண்டை வீட்டுப் பையனை அழைத்து வாரம் ஒருமுறை எஞ்சினை முடுக்கச் சொல்ல வேண்டும். காப்பீட்டுத் தொகை மட்டும் தவறாமல் கட்டியாக வேண்டும். மகன் விடுமுறையில் வரும் சில வாரங்கள் அதில் குற்றாலத்துக்கும் உறவினர் வீடுகளுக்கும் போய்வரலாம். அதற்கு வாடகைக் கார் அமர்த்தினால் ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

தவணைக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 8 லட்ச ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி, 7 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 12,870 ரூபாய் ஆகும். 84 மாதங்களில் கட்டி முடிக்கும் தொகை சுமார் 10 லட்சத்து 81 ஆயிரம். வட்டி மட்டும் 2 லட்சத்து 81 ஆயிரம். முடிவில் கையில் இருப்பது ஏழு வயதான பழைய கார்.

இந்த ஏழு ஆண்டுகள் என்பதைச் சற்று நிறுத்தி எண்ண வேண்டும். பரங்கிமலையில் குறுகிய காலப் பணிக்குச் சேர்ந்தவருக்கு முதலில் கிடைப்பது 10 ஆண்டுப் பணி. விருப்பமும் தகுதியும் இருந்தால் மேலும் 4 ஆண்டுகள் நீட்டிக்கலாம். நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரும் உண்டு. ஆனால் 10 அல்லது 14 ஆண்டுகளில் வெளியே வருகிறவருக்குப் பணிக்கொடை உண்டே தவிர மாதாந்திர ஓய்வூதியம் கிடையாது. இதை நம் குடும்பங்களில் பலர் அறியார். "கவர்ன்மெண்ட் உத்தியோகம், இனிக் கவலையில்லை" என்று நினைத்துவிடுகின்றனர். முப்பத்து நான்கு, முப்பத்தைந்து வயதில், மனைவி மக்களோடு, இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்க வேண்டிய மனிதர் அவர். அப்போது ஒரு மேற்படிப்புக்கோ, ஒரு சிறு தொழிலுக்கோ, ஒரு வீட்டுக்கோ கையில் பணம் வேண்டும். அதைச் சேர்ப்பதற்கு மிக வாய்ப்பான காலம், சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அதிகம் செலவில்லாத முதல் நான்கைந்து ஆண்டுகளே. அதிகாரிகளுக்கென்றே டி.எஸ்.ஓ.பி. என்னும் சேமநிதி இருக்கிறது. அந்த 12,870 ரூபாயில் பாதியை அதில் போட்டு, மீதியைப் பெற்றோருக்கு அனுப்பினாலும் நஷ்டமில்லை.

ஜாமீன் கையொப்பத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. இது மனத்துக்கு உவப்பான பேச்சன்று. எனினும் சொல்லாமல் விடுவது சரியாகாது. பயிற்சி கடுமையானது. அதில் கால் முறிந்தோ முதுகெலும்பு அடிபட்டோ மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்படும் கேடட்டுகளும் இருக்கின்றனர். அதிகாரியாகப் பதவியேற்குமுன் இந்த விபத்து நேர்ந்தால் அவர் முன்னாள் படைவீரர் என்ற தகுதியைப் பெறுவதில்லை. ஓர் அதிகாரிக்குரிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்குப் பதிலாகக் கருணைத் தொகை என்னும் சிறு தொகையே கிடைத்து வந்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இவர்களுடைய துயரத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதே மாதத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தை இவர்களுக்கும் நடுவண் அரசு விரிவுபடுத்தியது. இவ்வளவு காலம் கடந்து இது நடந்ததே என்பது என் வருத்தம். அது ஒருபுறமிருக்க, பதவியேற்புக்கு முன்னரே கடன் வாங்கிய கேடட் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் தவணை நின்றுவிடுமா? நிற்காது. வங்கி ஜாமீன்தாரரைத் தேடி வரும். அவருடைய ஓர் ஏக்கர் நஞ்சை ஏலத்துக்குப் போகலாம். நொறுங்கிப்போன மகனை வைத்துக்கொண்டு, உழுத நிலத்தையும் இழந்து நிற்கும் நிலையை எந்தக் குடும்பமும் ஒரு காருக்காகத் தேடிக்கொள்ளலாகாது.

"அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி கார் அவசியம் என்கிறானே" என்றும் அத்தந்தை எழுதியிருக்கிறார். அவர் தம்பி பொய் சொல்லவில்லை. அந்நாட்டில் வெஸ்ட் பாயின்ட் கழகத்தின் மேல்வகுப்புக் கேடட்டுகள் கார் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அவர்களுக்குக் குறைந்த வட்டியில் தொடக்கக் கடனும் கிடைக்கிறது. அங்குள்ள படைத்தளங்கள் பல ஊர்களின் பரப்புடையவை; பேருந்து அரிது; கடைக்குப் போவதற்கும் கார் வேண்டும். அந்நாட்டின் வாழ்க்கை அப்படி அமைந்திருக்கிறது. மெஸ்ஸும் சைக்கிளும் ரயிலும் உள்ள நம் நாட்டு இளம் அதிகாரிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

கௌரவம் என்ற சொல்லை உறவினர் அடிக்கடி எடுத்தாளுகின்றனர். நீலகிரியின் வெலிங்டனில் 2008இல் காலமாகி உதகையில் அடக்கம் செய்யப்பட்ட பீல்டு மார்ஷல் மானெக்ஷாவை நீங்கள் அறிவீர்கள். 1934இல் அதிகாரியானவர், பர்மாப் போரில் குண்டடிபட்டுப் பிழைத்தவர். நாடு பிரிந்த 1947இல் அவர் தம் சிவப்பு நிற ஜேம்ஸ் மோட்டார் சைக்கிளைத் தம்முடன் பணியாற்றிய யாகியா கானுக்கு ஆயிரம் ரூபாய்க்கு விற்றாராம். பாகிஸ்தான் போன யாகியா கான் பணத்தை அனுப்பவேயில்லையாம். 1971 போருக்குப் பின் அந்தக் கடன் பாதி நாடாகத் தீர்ந்துவிட்டது என்று மானெக்ஷா வேடிக்கையாகச் சொல்வதுண்டு என்பர். அவ்வளவு பெரிய படைத்தலைவரின் பெயரோடு மக்கள் நினைவில் நிற்கும் வண்டி ஒரு மோட்டார் சைக்கிள்தான்! புதிய லெப்டினன்டின் கீழ் வரும் ஜவான்கள், சாயுபு எந்தக் காரில் வந்தார் என்று பார்ப்பதில்லை. தங்களோடு ஓடுகிறாரா, தங்களுக்குப் பின் சாப்பிடுகிறாரா என்றே பார்ப்பர்.

இடையே இன்னொன்று. "இப்போது வாங்க வேண்டாம், பெண் வீட்டார் கொடுப்பார்கள்" என்று ஆறுதல் கூறும் உறவினரும் உண்டு. இந்த ஆறுதலைக் கேட்டவுடனே எழுந்து போய்விடுங்கள். வரதட்சிணை 1961ஆம் ஆண்டு முதல் சட்டப்படி குற்றம். நாட்டைக் காக்கச் செல்லும் மகன் ஒரு தகப்பனைக் கடனாளியாக்கி மணமேடை ஏறுவதா?

கார் என்றைக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மணமாகி, அமைதிப் பகுதியில் குடும்பத்துக்கான குவார்ட்டர்ஸ் கிடைத்து, குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டிய நிலை வரும்போது கார் தேவையாகிவிடும். அப்பொழுது சேமிப்பில் பாதிக்கு மேல் கொடுத்துச் சிறிய கார் ஒன்றை வாங்கலாம். அடிக்கடி மாநிலம் மாறும் படையினருக்காக 2021 செப்டம்பரில் நடுவண் அரசு பி.எச். என்னும் பதிவு வரிசையைக் கொண்டுவந்தது. எந்த மாநிலத்தில் பதிவு செய்வது என்பதைப் பணியிடத்தைப் பார்த்து அவரே முடிவு செய்யட்டும். இப்போதே செய்யத்தக்கது ஒன்று உண்டு: விடுமுறையில் வரும்போது முறையாகக் கார் ஓட்டக் கற்று உரிமம் எடுத்துக்கொள்ளலாம். அது எங்கும் பயன்படும், தவணையும் இல்லை.

குத்துக்கல்வலசைத் தந்தைக்கு: பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். கையொப்பம் இட வேண்டாம். மகனுக்கு எழுதும்போது, இல்லையென்று மட்டும் எழுதாமல் இந்தக் கணக்கையும் எழுதி அனுப்புங்கள். கணக்கைக் கண்டால் அவரே புரிந்துகொள்வார். அணிவகுப்பு நாள் தெரிந்தவுடன் நீங்களும் அவருடைய தாயும் பொதிகையில் இடம் பதிவு செய்துவிடுங்கள். 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கும்; திறந்த நாளிலேயே எடுத்துவிடுவது நல்லது. மூத்த குடிமக்கள் என்றால் கீழ்ப்படுக்கை கேட்டு வாங்குங்கள்.