கம்பியில்லாத் தொண்டு

சோமனூரிலே தறிச் சத்தம் நின்றால், "கரண்டு எப்போது வரும்?" என்பதுதான் ஊராரின் முதற் கேள்வி. இரண்டாவது கேள்வி செல்பேசியைப் பற்றியதாயிருக்கும். செல்பேசிக் கோபுரமும் மின்சாரத்தை உண்டு ஜீவிக்கும் பிராணிதானே! பாட்டரி ஓய்ந்து, டீஸலும் தீர்ந்துவிட்டால், நம் கையிலுள்ள கருவி முகம் பார்க்க மட்டுமே உதவும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைவாசிகள் பலர் இந்தப் பாடத்தை மொட்டை மாடியில் நின்று படித்தார்கள்.

அத்தகைய வேளையில் பேசக்கூடியவர் ஒருவர் உண்டு. அவரை 'அமெச்சூர் ரேடியோக்காரர்' என்றும், 'ஹாம்' என்றும் சொல்வார்கள். சம்பளம் கிடையாது, சொந்தக் காசில் வாங்கிய கருவி, ஒரு 12 வோல்ட் பாட்டரி, மரத்துக்கு மரம் கட்டிய செப்புக் கம்பி, இவ்வளவே அவருடைய ஆஸ்தி. இது நமக்குப் புதிதுமல்ல. 1924-ல் சென்னையில் ஸ்ரீ ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் கூடி ஒரு ரேடியோ சங்கம் கண்டார்கள். சர்க்கார் வானொலி தோன்றுமுன்பே, ஆர்வம் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு ஒலிபரப்பிய சங்கம் அது!

இந்தத் தொண்டின் பெருமையை அறிய அந்தமானுக்குப் போக வேண்டும். டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, பல வருஷங்கள் அநுமதிக்குக் காத்திருந்து, 2004 டிசம்பரில் ஒரு குழுவுடன் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தார். அந்தமானிலிருந்து ஒரு குரல் கேட்பது உலகமெங்குமுள்ள ஹாம்களுக்குப் புதையல் கிடைத்தாற்போல. ஆகவே நோக்கம் முழுக்க முழுக்கப் பொழுதுபோக்குத்தான். டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குப் பூமி அதிர்ந்தது. பின்னால் கடல் எழுந்தது. தொலைபேசிகள் ஊமையாயின. அதுவரை விளையாட்டாகப் பேசிய நிலையம் அன்றே தீவுகளின் குரலாயிற்று. குழுவில் ஒருவர் பேரழிவுக்கு ஆளான கார் நிகோபாருக்கே கருவியுடன் போனார். "இன்னார் உயிருடன் இருக்கிறாரா?" என்று தாய்நாட்டிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள் ஆகாய மார்க்கமாகக் கடலைத் தாண்டின. அந்த ஒற்றை வார்த்தைக்காக எத்தனை வீடுகளில் அடுப்பு மூட்டாமல் காத்திருந்தார்களோ!

ரேடியோ சர்வரோக நிவாரணி என்று நான் சொல்ல வரவில்லை. 2017 செப்டம்பரில் சோமனூர்ப் பஸ் நிலையத்தின் கூரை இடிந்து ஐந்து பேர் மாண்டார்களே, அங்கே வேண்டியிருந்தது பாரந்தூக்கியும் ஆம்புலன்ஸும். ஆனால் 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நினைத்துப் பாருங்கள். பாதை அறுந்த மலையிலிருந்து வரும் மெல்லிய குரலைச் சமவெளியிலுள்ள ஒருவர் வாங்கி, ஜில்லா அதிகாரிகளிடம் சேர்ப்பதென்றால் அது பெரிய காரியம்.

இதற்கு வேண்டியது வாய்ச்சாலகமல்ல, வாயடக்கம். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். யாருக்கு, யாரிடமிருந்து, எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்துக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடியே திருப்பிச் சொல்ல வேண்டும். "சொல்லிக்கொள்கிறார்கள்" என்ற வதந்திக்கு இடமில்லை. ரேடியோவில் பேசுவதை ஊர் உலகமே கேட்குமாதலால், இறந்தவர் பெயரை உளறிவிடலாகாது. இப்பழக்கம் வெள்ளம் வந்த அன்று வராது. வாராவாரம் குறித்த நேரத்தில் கூடிப் பேசிப் பழகினால்தான் வரும்.

மத்திய சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி லைசென்ஸ் பெறுவது அவசியம். ரேடியோ சாஸ்திரமும் சட்ட விதிகளுமே பாடம். பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம். தறிக்கார அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அமெச்சூர் ரேடியோவில் வியாபாரம் பேசக் கூடாது. நூல் விலை விசாரிக்க அங்கே போகாதீர்கள்!

இன்னுமொரு விசேஷம். மோட்டார்கள் ஓடும் ஊரில் ரேடியோவில் இரைச்சல் அதிகம். மின்சாரம் போய்த் தறிகள் ஓய்ந்த ராத்திரியிலேதான் தூரத்துக் குரல் சோமனூருக்குத் துல்லியமாகக் கேட்கும்.