வெட்டவெளியைக் கும்பிடுற ஊர்ல ஒரு பேனர்

சிதம்பரம் கோயில் சிற்சபைல ரகசியத் திரையை விலக்கினா என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. வெட்டவெளி. தங்க வில்வமாலை மட்டும் தொங்கும். ஆகாயத் தலம்னு அதைத்தான் கும்பிடுறோம். கும்பிட்டு முடிச்சு கீழவீதிக்கு வந்து ஒரு ஃப்ளெக்ஸ் பேனரைப் பாருங்க மக்களே... விரல் வைக்கக்கூட வெறும் இடம் கிடையாது!

கேட்டா, "சதுர அடிக்குக் காசு குடுத்திருக்கோம், சும்மா விட முடியுமா?"ங்கறாங்க. காமர்ஸ் படிக்கிறவன் சொல்றேன், தப்புக் கணக்கு. ட்ரயல் பேலன்ஸ்லயும் சரக்கு, ரொக்கம், கட்டடம், கடன் எல்லாம் இருக்கு. ஆனா பேலன்ஸ் ஷீட்ல நடப்புச் சொத்து ஒரு கட்டா, நிலைச் சொத்து ஒரு கட்டா பிரிஞ்சு நிக்கிறப்பதான் கம்பெனியால கடனை அடைக்க முடியுமான்னு தெரியுது. தொகைங்க அதேதான். அடுக்கினதுதான் வேற.

"நம்ம ஜனத்துக்கு நெருக்கமா இருந்தாத்தான் புடிக்கும்"னு இன்னொரு சாக்கு. ஓலைச்சுவடி அப்படித்தான் இருந்துச்சு, சொல்லுக்கு நடுவுல இடைவெளி இல்ல, பல சுவடில மெய்க்குப் புள்ளிகூட இல்ல. படிச்சது யாரு? பண்டிதருங்க. 1864-ல இதே சிதம்பரத்துல பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச ஆறுமுக நாவலர், உரைநடைல நிறுத்தக்குறி போட்டு அச்சடிச்சார். பண்டிதர் பக்கத்துல இல்லாதவனும் படிக்கட்டும்னுதானே அதெல்லாம்?

கிட்ட கிட்ட இருக்கறதை நம்ம கண்ணு ஒரே கூட்டமாத்தான் பாக்கும்னு மாக்ஸ் வெர்தைமர் 1923-லயே வெறும் புள்ளிகளை வெச்சுக் காட்டிட்டார். இதை மறந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு அமெரிக்காவே சாட்சி. 2000 அதிபர் தேர்தல், ஃப்ளோரிடாவுல பாம் பீச் கவுண்டி வாக்குச்சீட்டு. பேருங்க ரெண்டு பக்கமும், குத்துற ஓட்டை நடுவுல ஒரே வரிசையா. இடது பக்கத்துல ரெண்டாவது பேர் அல் கோர். ஆனா ரெண்டாவது ஓட்டை வலது பக்கத்து புக்கானனுக்கு! புக்கானனுக்கு அந்த ஒரு கவுண்டில மட்டும் 3,407 ஓட்டு. புஷ் மாநிலத்தையே ஜெயிச்சது 537 ஓட்டுல.

நமக்கென்னன்னு விடாதீங்க. கடலூர் 2011 டிசம்பர் 30-ல தானே புயலைப் பார்த்த ஊர். உதவி எண் நோட்டீஸ்ல தாலுகா பேரெல்லாம் இடது ஓரம், நம்பரெல்லாம் வலது ஓரம், மேல பாதிக்கு வணக்கம் போடற போட்டோன்னு அடிச்சா, கரண்ட் இல்லாத ராத்திரில டார்ச் வெளிச்சத்துல எந்த நம்பர் எந்த ஊருக்குன்னு பாட்டி எப்படிக் கண்டுபிடிக்கும்? போட்டோவைத் தூக்கிட்டு, பேரையும் நம்பரையும் ஒட்டி வெச்சு, அடுத்த தாலுகாவுக்கு முன்னாடி ஒரு வரி விடுங்க. அதுக்கு சதுர அடிக் காசு எக்ஸ்ட்ரா கிடையாது.