கோமாளி ஒற்றனும் கோடீஸ்வர வில்லனும்

ஜேம்ஸ் பாண்ட் படம் பார்க்கிற தொழிலாளியைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. "ஏகாதிபத்தியக் குப்பையாயிற்றே, அதைப் பார்க்கலாமா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். நாம் அப்படிக் கேட்கவில்லை. எட்டு மணி நேரம் நூற்பு இயந்திரத்தின் முன் நின்று கால் கடுத்தவனும், பொழுதெல்லாம் குனிந்து நாற்று நட்டவளும் இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டு வர விரும்பினால் அதில் என்ன குற்றம்? சிரிக்கட்டும். ஆனால் எதற்குக் கைதட்டினோம், கைதட்டிய வேளையில் எது நம் கண்ணுக்குத் தப்பியது என்று யோசித்துப் பார்ப்பதும் அவசியம்.

சிரிக்க வைக்கும் சரக்கு இந்தப் படங்களில் ஏராளம் என்பதை மறுப்பதற்கில்லை. 1964-ல் வந்த 'கோல்ட்பிங்கர்' படத்தில் கார் ஒன்று, பக்கத்து இருக்கையில் இருப்பவனைக் கூரை வழியே தூக்கி எறிகிறது. வில்லனின் அடியாள் தொப்பியை வீசிக் கற்சிலையின் தலையைச் சீவுகிறான். 1979-ல் வந்த 'மூன்ரேக்கர்' இன்னும் ஒரு படி மேல். வெனிஸ் நகரத்துப் படகு கரையேறிச் சதுக்கத்தில் ஓடுகிறது. அதைக் கண்டு ஒரு புறாகூடத் திகைத்துத் திரும்பிப் பார்க்கிறது! தெருக்கூத்தில் கட்டியங்காரன் நடுவே வந்து ராஜாவையே கேலி செய்வதுபோல, படம் தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறது. "பொய்தான், எங்களுக்கும் தெரியும்" என்று கண் சிமிட்டுகிறது.

கவர்ச்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் முக்கியமானது. இந்தப் படங்களில் வில்லனாக வருபவன் யார்? ஏழையா? அல்ல, அல்ல! கோல்ட்பிங்கர் தங்கம் சேர்ப்பவன். அமெரிக்காவின் போர்ட் நாக்ஸ் கருவூலத்தைக் கொள்ளையடிக்க அவன் வரவில்லை. அங்குள்ள தங்கத்தை அணுக்கதிரால் யாரும் தொடமுடியாதபடி செய்து, தன் கையிருப்பின் மதிப்பைப் பத்து மடங்காக்கவே வருகிறான். நெல்லைப் பதுக்கி விலையேற்றும் மண்டிக்காரன் கணக்கு இதுதானே! 'மூன்ரேக்கர்' வில்லனோ விண்வெளி ஓடங்கள் செய்யும் பெருமுதலாளி. பூமியில் உள்ள ஜனங்களையெல்லாம் விஷவாயுவால் கொன்றுவிட்டு, தான் பொறுக்கியெடுத்த சிலரைக் கொண்டு புது உலகம் படைக்கத் திட்டமிடுகிறான். உலகத்தை ஆபத்தில் தள்ளுபவன் பணம் படைத்தவன் என்பதைப் பாட்டாளி சொந்த அனுபவத்தில் அறிவான். அதனால்தான் அவன் வீழும்போது கைதட்டுகிறான். அந்தக் கைதட்டலில் உண்மை இருக்கிறது.

கோளாறு அடுத்த அடியில் தொடங்குகிறது. வில்லன் ஒரு பைத்தியக்காரன், அவன் ஒழிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று படம் சொல்கிறது. கோல்ட்பிங்கர் பறக்கும் விமானத்தின் ஜன்னல் வழியே போய்ச் சேருகிறான். பதுக்கலும் அவனோடு போய்விட்டதா? அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

காப்பாற்றப்படுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஜமைக்கா 1962 ஆகஸ்ட் 6-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அந்தத் தீவில் எடுக்கப்பட்ட முதல் பாண்ட் படமான 'டாக்டர் நோ' அதே ஆண்டு அக்டோபர் 5-ல் லண்டனில் திரைக்கு வந்தது. பிரிட்டிஷ் கொடி இறங்கி இரண்டே மாதம்; திரையிலோ ஜமைக்காவுக்கு இன்னும் லண்டன் ஒற்றன் தேவைப்படுகிறான்! அவன் காப்பாற்றுவது அந்நாட்டுக் கரும்புத் தொழிலாளியையா? இல்லை, அமெரிக்க ராக்கெட்டுகளை. அவனுக்குத் துணை வரும் கறுப்பினப் படகோட்டி குவாரலிடம் காலணியை எடுத்து வரச் சொல்கிறான். அந்தக் குவாரல் நெருப்பில் கருகிச் சாகிறான். கதை அவனை விட்டுவிட்டு மேலே போகிறது.

இதே பிரிட்டிஷ் உளவுத்துறை நிஜத்தில் செய்த வேலை என்ன? ஈரான் 1951-ல் தன் எண்ணெயைத் தேசவுடைமை ஆக்கியது. 1953-ல் பிரிட்டிஷ், அமெரிக்க உளவுத்துறைகள் சேர்ந்து பிரதமர் மொசாதேக்கின் ஆட்சியைக் கவிழ்த்தன. அந்த ஒற்றர்களைப் பற்றிப் பாண்ட் படம் எதுவும் வரவில்லை.

இன்னொரு கூட்டத்தையும் கவனியுங்கள். 1967-ல் வந்த 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தில் எரிமலைக்குள் ராக்கெட் தளம் ஒன்று வருகிறது. லண்டன் அருகே பைன்வுட் ஸ்டுடியோவில் சுமார் 10 லட்சம் டாலர் செலவில் தொழிலாளர்கள் எழுப்பிய பிரம்மாண்டமான செட் அது. கதைக்குள் அந்தத் தளத்தில் வேலை செய்கிறவர்களும் சீருடை அணிந்த கூலிக்காரர்களே. பெயர் இல்லை, வீடு இல்லை, பிள்ளைகுட்டி இல்லை. கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். இந்தப் படங்களில் எவனாவது செத்து விழுந்தால் நாயகன் ஒரு வேடிக்கைப் பேச்சை உதிர்ப்பது வழக்கம். நாமும் சிரித்துவிடுகிறோம். சிரித்த பிறகு, செத்தவன் யார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. இந்தப் படங்களின் பெரிய குறை இதுதான்.

அந்த அலை தமிழ்நாட்டையும் தொட்டது. 1966-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'வல்லவன் ஒருவன்' எடுத்தது. ஜெய்சங்கரை 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். கொண்டாடியதில் தவறில்லை. ஆனால் வல்லவன் ஒருவன் வந்து வாங்கிக் கொடுத்த பஞ்சப்படி எந்த ஆலையிலாவது உண்டா? எந்த வயலிலாவது கூலி உயர்ந்தது உண்டா?

இன்றைய வேடிக்கையைக் கேளுங்கள். பாண்ட் படங்களில் பங்குள்ள எம்.ஜி.எம். ஸ்டுடியோவை 2022 மார்ச்சில் அமேசான் கம்பெனி 845 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த படங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரமும் அதன் கைக்குப் போவதாக 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. அமேசானைத் தொடங்கிய ஜெப் பெசோஸ், சொந்தமாக ராக்கெட் கம்பெனியும் வைத்திருக்கிற கோடீஸ்வரர். ராக்கெட் முதலாளியை வீழ்த்திய ஒற்றன் ராக்கெட் முதலாளியின் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான்!

ஆனால் அந்த ஸ்டுடியோ கைமாறிய சில நாட்களிலேயே, 2022 ஏப்ரல் 1 அன்று, இன்னொரு சேதியும் வந்தது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள அமேசான் கிடங்குத் தொழிலாளர்கள் சங்கம் வேண்டும் என்று வாக்களித்து வென்றார்கள். ஆதரவு 2,654, எதிர்ப்பு 2,131. அமெரிக்காவில் அந்தக் கம்பெனியில் அமைந்த முதல் சங்கம் அது. அவர்களிடம் மாயக் கார் இல்லை, வெடிக்கும் பேனா இல்லை. ஒருவரோடு ஒருவர் பேசினார்கள், சேர்ந்தார்கள்.

ஆகவே தோழர்களே, படம் பாருங்கள், வயிறு குலுங்கச் சிரியுங்கள். ஆனால் முன்னால் நிற்கும் நாயகனை மட்டும் பார்க்காதீர்கள். பின்னால் சீருடையில் ஓடிச் சாகிறானே, அவனையும் பாருங்கள். அவன் நம்மவன்.