வெட்டி ஒட்டிய சொற்கள்

ஒரு சொல்லின் தலையையும் இன்னொன்றின் வாலையும் ஒட்டிப் புதுச்சொல் ஆக்குவது கைபேசித் தலைமுறையின் குறும்பு அல்ல. 1812இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆளுங்கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகள் வளைக்கப்பட்டன. ஒரு தொகுதி சாலமண்டர் என்னும் பல்லி போன்ற உயிரினத்தின் வடிவில் இருந்தது. ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரியின் பெயரை அதனுடன் சேர்த்து ‘கெர்ரிமாண்டர்’ என்று பாஸ்டன் பத்திரிகை ஒன்று கேலி செய்தது. கெர்ரி பின்னர் துணை அதிபரே ஆனார், நின்றதென்னவோ கேலிதான்.

இந்தச் சொல்வகைக்கு ‘போர்ட்மான்டோ’ என்ற பெயர் லூயிஸ் கரோலால் வந்தது. 1871இல் வெளியான ஆலிஸ் கதையின் இரண்டாம் நூலில், இருபுறமும் பொருள் அடைக்கும் ‘போர்ட்மான்டோ’ என்ற பயணப்பெட்டியைத்தான் அவர் உவமையாக்கினார். 1895இல் இங்கிலாந்தின் கை பெரிங்கர், ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுபவர்களுக்காகக் காலை உணவையும் மதிய உணவையும் இணைத்து ‘பிரஞ்ச்’ என்றொரு வேளைக்குப் பரிந்து எழுதினார். 1905இல் லண்டனின் புகையும் பனியும் சேர்ந்து ‘ஸ்மாக்’ ஆயின. 1925இல் கலிபோர்னியாவில் மோட்டாரையும் ஹோட்டலையும் ஒட்டிய ‘மோட்டல்’ பெயர்ப்பலகை ஏறியது. விளையாட்டாகப் பிறந்த வகையைப் பத்திரிகையும் வியாபாரமும்தான் வளர்த்தன.

தமிழ்ப் புணர்ச்சியில் சொற்களின் ஓரங்கள் மாறும். உடல் பெரும்பாலும் தப்பிவிடும். ஆங்கில ஒட்டில் உடலே வெட்டுப்படுகிறது. அப்படியும் பொருள் புரியக் காரணம், இரு சொற்களுக்கும் பொதுவான ஒலி. பசியைக் குறிக்கும் ‘ஹங்ரி’யும் கோபத்தைக் குறிக்கும் ‘ஆங்ரி’யும் ஒரே வால் உடையவை, அதனால் ‘ஹேங்ரி’யைக் கேட்டதுமே பசியில் வரும் எரிச்சல் விளங்கிவிடுகிறது. 1956இலேயே அச்சில் தென்பட்ட இச்சொல், 2018இல்தான் ஆக்ஸ்போர்டு அகராதியில் ஏறியது. இடையில் அதைத் தூக்கிவிட்டவை சமூக ஊடகங்கள்: சுருக்கமும் சிரிப்பும் ஒன்றாகக் கிடைத்தால் பகிர்வதற்கு வேறென்ன வேண்டும்? செய்தித் தலைப்புக்கும் அதுவே வசதி. 2012இல் கிரீஸ் யூரோவிலிருந்து வெளியேறலாம் என்ற பேச்சில் பிறந்த ‘கிரெக்ஸிட்’, அதே ஆண்டிலேயே ‘பிரெக்ஸிட்’டுக்கு அச்சாயிற்று.

வெட்டிய துண்டு தனிப்பொருள் பெறுவதும் உண்டு. ஹாலிவுட்டின் ‘வுட்’டுக்கும் சினிமாவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் 1930களில் கொல்கத்தாவின் டாலிகஞ்ச் ‘டாலிவுட்’ ஆனது. பிறகு பம்பாய் ‘பாலிவுட்’, கோடம்பாக்கம் ‘கோலிவுட்’.

இந்தச் சொற்கள் நிலைப்பதைத் தீர்மானிப்பது தேவைதான். ‘மோட்டல்’ குறித்த பொருளுக்கு வேறு கச்சிதமான பெயர் இல்லை, தங்கிவிட்டது. நட்சத்திரத் தம்பதிகளின் பெயர்களை ஒட்டியவற்றின் ஆயுளோ பெரும்பாலும் விவாகரத்து வரைதான்.