மூட்டைக்குச் சீட்டு உண்டு, வீட்டு வேலைக்கு இல்லை

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். நீலகிரியிலிருந்து இறங்கும் சரக்குக்கு எடை, ரகம், விலை, கமிஷன், இறக்குக்கூலி என்று எல்லாவற்றுக்கும் சீட்டு உண்டு. அதே ஊரில் ஆறு லட்ச ரூபாய் வீட்டு வேலை துண்டுக் காகிதம்கூட இல்லாமல் நடக்கிறது.

சிறுமுகை ரோட்டுப் பக்கம் அப்பா கட்டிய தார்சு வீடு எங்களுடையது. சமையலறையை அகலப்படுத்தி, குளியலறையை மாற்றி, மொட்டை மாடிக்கு ஓடு பதிக்க ஒரு கான்ட்ராக்டரைப் பேசினோம். சம்பந்தி வழியில் வந்தவர். "என்னென்ன வேலை, எப்ப முடியும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துருங்க" என்றேன். "ஏனுங்ணா, எம்மேல நம்பிக்கை இல்லீங்களா? நம்மூட்டு வேலையாட்டப் பண்ணித் தர்றனுங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியின் முகம் சுண்டியது. பேச்சு அத்தோடு முடிந்தது. எங்கள் பக்கம் காகிதம் கேட்கிறவன் சந்தேகப்பிராணி, கேட்காதவன் பெரிய மனுஷன்.

பாதிப் பணம் கைமாறியதும் ஆள் வரத்து குறைந்தது. "காரமடை சைட்டுல ரூஃப் கான்கிரீட்டுங்க, நாளைக்கு வந்துருவாங்க." வாரக்கணக்கில் சமையல் தாழ்வாரத்தில் நடந்தது. நடுவில் எலக்ட்ரிக் வேலைக்குத் தனிப் பணம் கேட்டார். "அது எஸ்டிமேட்ல வராதுங்க." எஸ்டிமேட் என்று ஒன்று இருந்தால்தானே அதில் வரும்!

வேலை முடிந்தது என்று அவர் சொன்ன பிறகு குளியலறைச் சுவர் ஓடுகளைக் காசால் தட்டிப் பார்த்தேன். நடுவில் கெட்டிச் சத்தம், மூலைகளில் பொள்ளல். ஒரு ஓடு பெயர்ந்து விழுந்தபோது விஷயம் விளங்கியது: பின்பக்கம் நடுவில் மட்டும் ஒரு கை கலவையை அப்பி ஒட்டியிருக்கிறார்கள். மொட்டை மாடியில் அப்பா போட்ட செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளத்தை உடைத்துப் போட்டுவிட்டு, வாட்டம் பார்க்காமல் ஓடு பதித்திருந்தார்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் குழாய்ப் பக்கம் போகாமல் படிக்கட்டு மூலையில் போய்த் தேங்குகிறது. ஐப்பசி மழையில் அந்த மூலைக்குக் கீழே இருக்கும் அம்மாவின் அறை ஒழுகியது. "மழைன்னா எல்லா ஊடும் ஒழுகத்தானுங்க செய்யும்" என்றவர், அப்புறம் போனையே எடுக்கவில்லை.

கொத்தனார்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. சொன்னதைச் செய்தார்கள், அவர்களுக்கும் கூலி பாக்கி. கலவை சுமந்த சித்தாள் பெண்ணிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தது. 1994-லிருந்து அந்த வாரியம் இருக்கிறது. தினக்கூலிக்குச் செங்கல் சுமப்பவருக்குப் பதிவு உண்டு. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு சமையலறைச் சுவரை இடிக்கிறவரிடம் எந்தப் பதிவும் யாரும் கேட்பதில்லை.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2016-இல் வந்த அந்தச் சட்டம் மனை, அடுக்குமாடி விற்பவர்களுக்கானது. விற்பனையோ விளம்பரமோ இல்லாத பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு வேலைகளை அதன் மூன்றாவது பிரிவே வெளியில் நிறுத்திவிடுகிறது. மிச்சமிருப்பது நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் சொல்லிவிட்டது. கோவை மாவட்ட ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே புகார் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய். வழி நல்ல வழிதான். ஆனால் அங்கே போய் நின்றால் எதைக் காட்டுவது? என்ன பேசினோம் என்பதற்கே சாட்சி இல்லையே.

இந்த ஊரில் சுவரைப் பற்றி எழுதிவிட்டு நடூரைச் சொல்லாமல் போக முடியாது. 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில் உயரமான சுற்றுச்சுவர் ஒன்று வீடுகள் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்றார்கள் அந்த மக்கள். அந்தச் சாவுகளுக்குப் பக்கத்தில் என் வீட்டு ஒழுகலை வைக்கக் கூசுகிறது. ஆனால் யார் எதைக் கட்டுகிறார், யார் அதைப் பார்த்துச் சரி என்கிறார் என்ற கேள்வி அன்றைக்கே எழுந்தது. இன்னும் பதில் வரவில்லை.

அரசு பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். தமிழில் ஒரு பக்க ஒப்பந்தப் படிவம் அச்சடித்து நகராட்சி அலுவலகத்தில் வைக்கட்டும். வேலை விவரம், பொருளின் ரகம், தவணை, முடிக்கும் தேதி, எத்தனை வருடப் பொறுப்பு, இரண்டு கையெழுத்து. அரசாங்கப் படிவம் என்றால் நீட்டுகிறவனுக்கும் கூச்சமில்லை, சம்பந்தியும் கோபிக்க மாட்டார். உள்வேலை எடுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் பதிவைக் கட்டாயமாக்கட்டும்.

அதுவரை, மாடி வேலை வைத்திருப்பவர்கள் கடைசித் தவணையைக் கையிலேயே வைத்திருங்கள். ஒரு வடகிழக்குப் பருவமழை அடித்து ஓய்ந்த பிறகு கொடுத்தால் போதும்.