காற்றுள்ளபோதே தூற்றுவோம், கடலில் இருப்பவரையும் கேட்போம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனவர்களுக்கு நம் தென்மாவட்டக் காற்றின் வேகம் தெரியும். கடலில் மரமும் மலையும் மறிப்பதில்லை. அங்கே காற்று இன்னும் சீராக வீசும். சூரிய மின்சாரம் பொழுது சாய்ந்தால் நின்றுவிடும், காற்று இரவிலும் வீசும். அதனால்தான் மன்னார் வளைகுடாவில் காற்றாலை அமைக்க மத்திய அரசு திட்டமிடுகிறது.

டென்மார்க் 1991-லேயே கடலில் 11 காற்றாலைகளை நிறுத்திவிட்டது. நாம் கொள்கை அறிவித்தது 2015-ல். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ரூ.7,453 கோடி உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட்.

500 மெகாவாட் என்றால் எவ்வளவு? ஒரு கணக்குப் போடுவோம். முழுத்திறனில் ஒரு நாள் ஓடினால் 1 கோடியே 20 லட்சம் யூனிட். பாதித்திறன் என்றாலும் 60 லட்சம் யூனிட். ஒரு வீட்டுக்கு நாளைக்கு 5 யூனிட் என்று வைத்தால் 12 லட்சம் வீடுகளுக்குப் போதும். நிலக்கரி வேண்டாம், சாம்பல் இல்லை, விளைநிலமும் போகாது. செலவு தரைக் காற்றாலையைவிட அதிகம்தான். அதற்குத்தானே இந்த உதவித்தொகை! ஆகவே திட்டம் வரட்டும் என்பதே என் கருத்து.

ஆனால் ஒரு கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். காற்றாலைகளுக்கு நடுவே மீன் பிடிக்கலாமா, கூடாதா?

சர்வதேச கடல் சட்டப்படி இத்தகைய கட்டுமானத்தைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் போடலாம். இரண்டு காற்றாலைகளுக்கு இடையே ஒரு கிலோமீட்டர் தூரம் என்று வையுங்கள். இந்தப் பக்கம் 500, அந்தப் பக்கம் 500. மிச்சம் என்ன? பூஜ்யம்! நாட்டுப்படகுக்காரர் எந்த வழியாகப் போவார்? நீரோட்டத்தோடு மிதந்து போகும் வலையை எங்கே விரிப்பார்?

இதில் உலகம் முழுக்க ஒரே விதி இல்லை. பிரிட்டனில் காற்றாலைகளுக்கு இடையே மீன்பிடிக்கப் பொதுவான தடை இல்லை. பெல்ஜியத்தில் தடை உண்டு. அதாவது, இது அந்தந்த அரசு எடுக்கும் முடிவு. அந்த முடிவை ஏலத்துக்கு முன்பே எடுத்து எழுத்தில் வைக்க வேண்டும். கம்பெனி வந்து கம்பம் நட்ட பிறகு பேசினால், பேச்சுவார்த்தை போராட்டமாக மாறிவிடும்.

என் கோரிக்கைகள் மூன்று:

1. எந்தக் கடற்பகுதி என்ற வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு மீனவ கிராமத்திலும் ஒட்டுங்கள்.

2. படகுப் பாதை, மீன்பிடி உரிமை, வலை அறுந்தால் இழப்பீடு ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

3. பராமரிப்பு வேலைக்குக் கடலோரப் பிள்ளைகளை இப்போதே ஐடிஐ, பாலிடெக்னிக்கில் பயிற்றுவியுங்கள். கடலுக்குப் பயப்படாத பிள்ளைகள் அவர்கள்.

கேள்வி கேட்கும் மீனவரை வளர்ச்சிக்கு எதிரி என்று சொல்லாதீர்கள். வகுப்பில் கேள்வி கேட்கிற பிள்ளைதான் பாடத்தைக் கவனிக்கிற பிள்ளை.

கடலோர ஊர் நண்பர்கள் உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். சரி என்று பட்டால் பகிருங்கள்.